உடைப்பது நாங்கள், கொண்டு வருவது அவர்கள்: வீட்டுவசதித் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொங்குப் பகுதியில் ஒரு தனியார் கட்டுமானப் பொருள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மண், ஜல்லி, எம் சாண்ட், செங்கல், கம்பி, காங்கிரீட் க்யூப் எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். சோதித்து, எண் போட்டு, கையெழுத்திட்டு அனுப்புவோம். உங்கள் துறையின் கீழ் உள்ள நகர் ஊரமைப்பு இயக்ககமும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், அப்புறம் ஊர் ஊருக்கு உள்ள உள்ளாட்சிகளும் கோப்பில் கோத்து வைக்கும் அறிக்கைகளில் கணிசமானவை எங்களைப் போன்ற கூடங்களிலிருந்து வருபவை. அந்த அறிக்கைகளை நீங்கள் எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக நடக்கும் கூடம் என்றால் எண்ணை நம்பலாம். அந்த எண் எந்தக் கட்டடத்தைப் பற்றியது என்பதை மட்டும் நம்ப முடியாது. மாதிரியை யார் எடுப்பது, சோதனைக்கு யார் காசு கொடுப்பது, முடிவு சரியில்லாமல் வந்தால் அந்தத் தாள் எங்கே போகிறது, இந்த மூன்றிலும் ஒரு ஒழுங்கு வந்தாலொழிய எங்கள் இயந்திரங்களுக்கு வருடா வருடம் காலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்து ஸ்டிக்கர் ஒட்டுவதில் பெரிய பலன் இல்லை.

க்யூப் சோதனை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். உங்கள் மேசைக்கு வரும் தாளில் அது ஒரு வரியாகத்தான் இருக்கும். 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள இரும்பு அச்சு. காங்கிரீட்டை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் 16 மில்லிமீட்டர் கம்பியால் 35 முறை குத்த வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். 28 நாள் கழித்து எடுத்துத் துடைத்து எடை போடுவோம். எட்டு கிலோ, எட்டேகால் கிலோ இருக்கும். கரணையால் தேய்த்த முகம் மேலேயோ கீழேயோ வராமல், பக்கவாட்டில் இருக்கும்படி இயந்திரத்தில் வைத்து, நிமிடத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன் என்ற வேகத்தில் சுமையை ஏற்றுவோம். எம்20 காங்கிரீட் என்றால், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய ரகம் என்றால், 450 கிலோநியூட்டனைத் தாண்ட வேண்டும். அந்த இடத்துக்கு வர ஒன்றரை நிமிடம் ஆகும். அவசரக்காரர் பம்பை வேகமாக அடித்தால் க்யூப் உள்ளதைவிட வலுவாக இருப்பதுபோல எண் கூடிக் காட்டும். அதனால்தான் வேகத்துக்கும் ஒரு விதி. கடைசியில் ஒரு சத்தம், கொஞ்சம் தூசி. நான்கு பக்கமும் சீராகச் செதில் செதிலாக விழுந்து நடுவில் இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி ஒரு மிச்சம் நின்றால் உடைப்பு சரியாக நடந்தது என்று பொருள்.

இத்தனையும் சரியாகவே நடக்கிறது. தப்பு, க்யூப் எங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

எம்20 என்று பெயிண்டால் எழுதிய மூன்று க்யூப்கள் ஒருமுறை வந்தன. மூன்றும் 900 கிலோநியூட்டனைத் தாண்டித்தான் உடைந்தன. அதாவது 20 இருக்க வேண்டிய இடத்தில் 40. உடைந்த முகத்தைப் பார்த்தால் கருஞ்சாம்பல் நிறம், ஜல்லியைச் சுற்றி சிமென்ட் பசை கெட்டியாக, ஒரு காற்றுப் பொத்தல்கூட இல்லை. அப்படிப்பட்ட காங்கிரீட்டை ஒரு தளத்துக்குப் போட்டால் ஒப்பந்ததாரர் கையைச் சுட்டுக்கொள்வார். எடுத்து வந்த தம்பி முடிவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சார், இதை 26, 27ன்னு போட்டுத் தர முடியுமா? நாப்பதுன்னா ஆபீஸ்ல சந்தேகப்படுவாங்க.” முடியாது என்று சொல்லி உள்ளதை உள்ளபடி கொடுத்தோம். அந்த அறிக்கை கோப்பில் ஏறியிருக்கும். யாரும் சந்தேகப்பட்டதாகத் தகவல் இல்லை.

இந்த வகை க்யூபுக்கு ‘ஆபீஸ் க்யூப்’ என்று எங்கள் வட்டாரத்தில் கேலியாகச் சொல்வார்கள். தளத்தில் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதிலிருந்து எடுப்பதில்லை. தனியாக ஒரு தகரத்தில் ஒரு சட்டி சிமென்ட் கூடப் போட்டு, தண்ணீரை அளந்து ஊற்றி, கையாலேயே பிசைந்து அச்சில் போட்டு வைப்பார்கள். இன்னும் கொஞ்சம் நேர்மையானவர்கள் உண்மையான கலவையிலிருந்துதான் எடுப்பார்கள், ஆனால் நாளின் முதல் கலவையிலிருந்து. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, கலவை இறுக ஆரம்பித்து, மேலே சென்டரிங் பலகையில் நிற்பவர் “தண்ணி விடுப்பா, இழுக்க முடியல” என்று குரல் கொடுத்த பிறகு வரும் கலவையை யாரும் அச்சில் போடுவதில்லை. ரெடிமிக்ஸ் லாரியிலும் இதே கதைதான். ஆலையில் எடுத்த க்யூபுக்கும், தளத்தில் குழாயைத் திறந்து தண்ணீர் விட்ட பிறகு பம்பில் போகும் காங்கிரீட்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

தண்ணீர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, கம்பி கட்டிய காங்கிரீட்டுக்கு, மிகச் சாதுவான சூழலில்கூட, சிமென்ட் எடைக்கு 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர். ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் இதில் அடக்கம். தளத்தில் பிளாஸ்டிக் வாளியால் மொண்டு ஊற்றுகிறவருக்கு இந்த எண்ணை யாராவது சொல்லியிருக்கிறார்களா? எத்தனை வாளி என்று எண்ணும் ஆளை நான் பார்த்த தளங்கள் குறைவு.

எண்ணிக்கைக்கும் வருவோம். அதே ஐ.எஸ். 456, ஐந்து கன மீட்டர் வரைக்கும் ஒரு மாதிரி, 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று, 31 முதல் 50 வரை நான்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 50 கன மீட்டருக்கும் இன்னொன்று என்று சொல்கிறது. ஒரு மாதிரி என்றால் மூன்று க்யூப். 1,000 சதுர அடி கூரைத்தளம், 5 அங்குல கனம் என்று வையுங்கள். பீம் சேர்க்காமலேயே 12 கன மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஆறு க்யூப் வேண்டும். கிட்டத்தட்ட 28 டன் காங்கிரீட்டுக்கு 50 கிலோ அளவுக்கு மாதிரி. இந்த 50 கிலோவைக் கொண்டுதான் அந்த 28 டன்னைப் பற்றி நாங்கள் தீர்ப்புச் சொல்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனின் ரத்தத்தைக் குப்பியில் கொடுத்துவிட்டுத் தனக்குச் சர்க்கரை இல்லை என்று சான்று வாங்கிப் போகிறவரை எந்த மருத்துவரும் ஏற்க மாட்டார். நாம் மட்டும் ஏற்றுக்கொள்கிறோம்.

இது எங்கள் அறிக்கையிலேயே எழுதியும் இருக்கிறது. சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற கூடங்கள், கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தைப் பின்பற்ற வேண்டும். மாதிரியைக் கூடமே எடுக்கவில்லை என்றால், ‘இந்த முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்’ என்று அறிக்கையில் சொல்லியாக வேண்டும் என்பது அந்தத் தரத்தின் கட்டாயம். சொல்கிறோம். தாளின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவு எழுத்தில். அந்த வரியைப் படித்துவிட்டு, “அப்படியானால் மாதிரி எங்கிருந்து வந்தது?” என்று எங்களுக்குத் தொலைபேசி செய்த அதிகாரி ஒருவர்கூட என் நினைவில் இல்லை. முதல் வேண்டுகோளாக இதையே வைக்கிறேன்: அந்த வரி தாளின் தலைப்பகுதிக்கு வரட்டும். மாதிரியை எடுத்தவர் யார், எந்தத் தேதி, எந்தத் தளத்தின் எந்தப் பகுதி என்பதெல்லாம் முடிவு எண்ணுக்குச் சமமான எழுத்தில் இருக்கட்டும். உங்கள் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை போதும், சட்டத் திருத்தம்கூட வேண்டாம்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மழை மாலையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளியூரிலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தீர்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். அதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்குப் பிறகு வந்த 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், தர ஆய்வாளர் என்று தனித்தனியாகப் பதிவுசெய்து பொறுப்பைப் பிரித்தீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஆய்வாளரை அமர்த்துவதும் சம்பளம் கொடுப்பதும் கட்டுகிறவரேதான். எங்களுக்கும் அதே கதை. ஒப்பந்ததாரர் எங்கள் வாடிக்கையாளர். அவர் மனம் கோணினால் அடுத்த தெருவில் இன்னொரு கூடம் இருக்கிறது. “டெஸ்ட் பண்ணிக் கொடுத்தா ஒரு ரேட், பண்ணாமக் கொடுத்தா ஒரு ரேட்” என்று எங்கள் தொழிலிலேயே ஒரு கசப்பான நகைச்சுவை உண்டு. எல்லாக் கூடமும் அப்படி இல்லை. ஆனால் ஒழுங்காக நடத்துகிறவர் வாடிக்கையாளரை இழந்துகொண்டே இருப்பார் என்ற நிலையில் ஒழுங்கு எத்தனை நாள் தாங்கும்?

அதனால் இரண்டாவது வேண்டுகோள், இந்த மடலின் மையமே இதுதான். சோதனைக் கட்டணத்தைத் திட்ட அனுமதிக் கட்டணத்தோடு சேர்த்து நீங்களே வாங்கிவிடுங்கள். கட்டடத்தின் அளவைப் பார்த்தால் எத்தனை மாதிரி வேண்டும் என்பது ஐ.எஸ். 456 பட்டியலிலிருந்தே தெரிந்துவிடும்; மூன்று க்யூப் உடைக்க ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். அந்த மாவட்டத்தில் அங்கீகாரம் பெற்ற கூடங்களில் எதற்கு எந்தக் கட்டடம் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு ஒதுக்கட்டும். காங்கிரீட் போடும் நாளை ஒப்பந்ததாரர் முதல்நாள் இணையத்தில் பதிய வேண்டும். கூடத்தின் ஆள் அச்சோடு போய், கொட்டிக்கொண்டிருக்கும் கலவையிலிருந்து, தான் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் எடுத்து, இடமும் நேரமும் பதிந்த படத்தோடு திரும்பட்டும். பணம் உங்களிடமிருந்து எங்களுக்கு வரட்டும்.

இதைச் சொன்னால் மூன்று எதிர்க்கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். தாமதம் ஆகும் என்பார்கள். 28 நாள் காத்திருப்பு இன்றைக்கும் இருப்பதுதான், அது சிமென்டின் குணம். செலவு கூடும் என்பார்கள். ஒரு ஆள் போய்வரும் பெட்ரோலும் அரைநாள் கூலியும் கூடும், சதுர அடி விலையில் பார்த்தால் தெரியவே தெரியாது. மூன்றாவதுதான் சரியான கேள்வி: கூடத்தின் ஆளையும் ‘கவனித்து’விட மாட்டார்களா? சிலரைக் கவனிப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கூடம் வரும், எந்த ஆள் வருவான் என்று முன்கூட்டித் தெரியாதபோது அந்த வேலை எளிதல்ல. இன்றைக்கு யாரையும் கவனிக்க வேண்டிய தேவையே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தோல்வி அறிக்கைக்கு வருகிறேன். இதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. உங்கள் அலுவலகக் கோப்புகளில் க்யூப் தோற்றுப்போன அறிக்கை எத்தனை இருக்கிறது என்று ஒரு முறை எண்ணச் சொல்லுங்கள். நான் பந்தயமே கட்டுவேன், விரல் விட்டு எண்ணிவிடலாம். தமிழ்நாட்டுக் காங்கிரீட் அவ்வளவு உயர்ந்ததா என்றால் இல்லை. எண் குறைவாக வந்ததும் வாடிக்கையாளர் தொலைபேசியில், “அறிக்கை போட வேண்டாம் சார், வேற க்யூப் அனுப்புறேன்” என்று சொல்லிவிடுவார். புது க்யூப் வரும். அது ‘ஆபீஸ் க்யூப்’. அது பாஸ். கோப்பில் ஏறுவது அது மட்டும். முதலில் உடைந்த மூன்றும் எங்கள் கொல்லைப்புறத்தில் குழி நிரப்பப் போய்விடும்.

இதற்கு ஒரே வழி, மாதிரி பதிவான கணத்திலேயே அதற்கு ஓர் எண் விழுந்துவிட வேண்டும். அப்புறம் அதை யாரும் திரும்பப் பெற முடியாது. பத்திரப் பதிவில் ஆவண எண் விழுந்த பிறகு அதைக் கிழித்துப் போட முடியாததுபோல. இன்றைய டிஜிட்டல் இயந்திரங்களில் சுமை ஏறும் வேகம் நொடிக்கு நொடி பதிவாகிறது. அந்தப் பதிவு மனிதக் கை படாமல் நேரடியாக உங்கள் இணையதளத்துக்கு வந்துவிட்டால், 26ஆ 40ஆ என்று பேரம் பேசவே ஆள் வராது.

ஆனால் தோல்வி ஏன் மறைக்கப்படுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வெறும் திருட்டுப் புத்தி மட்டும் இல்லை, பயம். க்யூப் தோற்றால் இடிக்கச் சொல்லிவிடுவார்கள் என்று ஒப்பந்ததாரர் நினைக்கிறார், வீட்டுக்காரர் நினைக்கிறார், சமயத்தில் உங்கள் கீழ்நிலைப் பொறியாளரும் அப்படித்தான் நினைக்கிறார். விதி அப்படிச் சொல்லவில்லை. க்யூப் தோற்றால் கட்டடத்திலிருந்தே குறைந்தது மூன்று இடத்தில் உருளை வடிவில் துளைத்துக் கோர் எடுக்கலாம். அவற்றின் சராசரி, கனசதுர வலிமைக்கு மாற்றிப் பார்க்கும்போது, இருக்க வேண்டிய வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையாமலும், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமலும் இருந்தால் காங்கிரீட்டை ஏற்கலாம் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. அதிலும் சந்தேகம் என்றால் தளத்தின் மீது சுமை ஏற்றி எவ்வளவு தொய்கிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. அதற்கும் பிறகு தூணைச் சுற்றிக் கம்பி கட்டிப் பருமனாக்குவது, மேலே எழுப்பவிருந்த மாடியைக் கைவிடுவது என்று எத்தனையோ வழி. இந்தப் படிகளை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு திட்ட அனுமதியோடும் கொடுத்தால், தோல்வி என்றால் ‘அடுத்து என்ன செய்ய வேண்டும்’ என்ற பேச்சு வரும், ‘எப்படி மறைப்பது’ என்ற பேச்சு குறையும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரச்சினை வந்த கட்டடத்துக்கு ஓடிப்போய் சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் சுவரில் தட்டிப் பார்த்து, “நன்றாக இருக்கிறது” என்று எழுதிக் கொடுப்பது இப்போது பரவலாகி வருகிறது. ரீபவுண்ட் ஹேமர் என்பது அது. காங்கிரீட்டின் மேல்தோல் எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் கருவி. அதை வைத்து வலிமையைக் கணித்தால் 25 சதவீதம் இப்படியோ அப்படியோ போகலாம் என்று அதற்கான இந்தியத் தரமே சொல்கிறது. எங்கே கோர் எடுப்பது என்று இடம் பார்க்க உதவும். அதோடு சரி. அந்த ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

எம் சாண்ட் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆற்று மணல் கைக்கு எட்டாமல் போன பிறகு தமிழ்நாட்டில் வீடு நிற்பது கருங்கல் பொடியில்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை; நன்றாகத் தயாரித்த எம் சாண்ட் ஆற்று மணலைவிடச் சீரானது என்பது என் கட்சி. சிக்கல், கிரஷரில் மிஞ்சும் டஸ்ட்டை அப்படியே லாரியில் ஏற்றி எம் சாண்ட் என்று விற்பது. நொறுக்கிய மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தரம் ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது, ஆற்று மணலுக்கு அந்த வரம்பு 3 சதவீதம்தான். எங்களிடம் வரும் பை எப்போதும் அழகாக இருக்கும். கழுவிச் சலித்த மணல், மூன்று கிலோ, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு. தளத்துக்குப் போகும் லாரி வேறு. விதிப்படி குவியலின் பல இடங்களிலிருந்து எடுத்து, கூம்பாகக் குவித்து, தட்டி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் குறைத்து எடுக்க வேண்டும். அதைச் செய்ய யாருக்கு நேரம்? ஒரு நல்ல அறிக்கையை வாங்கி, அதை நகலெடுத்து மாதக்கணக்கில் ஒவ்வொரு தளத்திலும் காட்டுகிறார்கள். பொதுப்பணித் துறை ஆலையைச் சோதித்துச் சான்று கொடுக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் அது ஆலைக்கான சான்று, இன்றைக்கு வந்த லாரிக்கானது அல்ல.

தூள் அதிகமான மணல் என்ன செய்யும் என்று கேட்டால், அது தண்ணீரை உறிஞ்சும், மேஸ்திரி இன்னும் தண்ணீர் கேட்பார். மேலே சொன்ன 27.5 லிட்டர் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும். பூச்சிலும் அதே வினைதான். 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தட்டினாலே பூச்சு உதிர்ந்ததைச் சட்டமன்றம் வரை பேசினார்கள். அப்புறம்தான் ஐ.ஐ.டி. மெட்ராஸிடம் ஆய்வு போனது. குடியேறிய பிறகு நடந்த சோதனை அது. பூசுவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது. அந்தக் குடியிருப்பைக் கட்டிய வாரியம் உங்கள் துறையின் கீழ்தான் வருகிறது என்பதால் இதைச் சொல்லத் தயங்கவில்லை.

மண் பரிசோதனையில் ஏமாற்று வேறு மாதிரி. துளை போட்டு, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு விட்டு அடித்து, முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆனது என்று எண்ணுவதுதான் அடிப்படை. அடி எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதுவதற்கு எடை தேவையில்லை, துளையும் தேவையில்லை. பக்கத்து மனையின் அறிக்கையை எடுத்துப் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் முடிந்தது. ஒரே தெருவில் ஒரு மனையில் பாறை எட்டடியில் இருக்கும், எதிர் மனையில் பழைய குட்டையை மூடிய குப்பை மண் இருக்கும். துளை போடும்போது ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் ஒரு படம், மாதிரிக் குழாயில் வந்த மண்ணோடு, இடமும் நேரமும் பதிந்து வந்தால் பாதிப் பொய் அடங்கும்.

கரிசல் மண்ணுக்கு இன்னும் சுலபமான ஒரு சோதனை இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் ஆச்சரியம்தான். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் பத்து கிராம் ஒரு கண்ணாடி அளவுகுழலில், இன்னொரு பத்து கிராம் இன்னொன்றில். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மண் உங்கள் வீட்டை எவ்வளவு தூக்கும், எவ்வளவு இறக்கும் என்பதற்கு அறிகுறி. வித்தியாசம் 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கருங்கல் கட்டுவதை மறந்துவிட வேண்டும். கோவில்பட்டி பக்கமும் விருதுநகர் பக்கமும், கோவைக்குக் கிழக்கேயும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடிய வீடுகளைப் பார்க்கிறவர்கள் வாஸ்துக்காரரைக் கூப்பிடுவார்கள். பத்து கிராம் மண்ணும் ஒரு குழல் மண்ணெண்ணெயும் முன்னாலேயே சொல்லியிருக்கும்.

இந்த இடத்தில் சின்ன வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் நீங்கள் கொண்டு வந்த சுயசான்றுத் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் வாரக்கணக்கில் அலுவலகப் படியேறாமல் இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம் என்பது சாதாரணக் காரியம் இல்லை. எத்தனையோ பேரின் கைச்செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனால் அதிகாரி வந்து பார்க்காத அந்த வீட்டில் மண்ணையும் காங்கிரீட்டையும் யார் பார்ப்பது? மேலே சொன்ன குலுக்கல், பதிவெண் எல்லாவற்றையும் சின்ன வீட்டின் தலையில் கட்டச் சொல்லவில்லை. அங்கே வீட்டுக்காரருக்கு உண்மை தெரிய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. எங்களிடம் அவர்கள் வருவது விரிசல் விட்ட பிறகு.

வழி பக்கத்திலேயே இருக்கிறது. அரசு பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் சிவில் துறை ஆய்வகம் இருக்கிறது. க்யூப் உடைக்கும் இயந்திரமும் சல்லடைத் தொகுப்பும் இருக்கின்றன. வெளியாருக்குச் சோதனை செய்து கொடுக்கும் கல்லூரிகள் இப்போதும் உண்டு. ஆனால் வருகிறவர்கள் ஒப்பந்ததாரர்களும் அரசுத் துறைகளும்தான். வீடு கட்டும் சாதாரண மனிதர் அந்த வாசலை மிதிக்க மாட்டார். உயர்கல்வித் துறையோடு பேசி, வாரத்தில் ஒரு நாள் சுயசான்று வீடுகளுக்கு என்று ஒதுக்கி, கட்டணத்தை வாசலில் எழுதிப் போடச் சொல்லுங்கள். மாணவர்களே அச்சை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போகலாம். பாடத்தில் படிக்கும் சோதனையை உண்மையான தளத்தில் செய்து பார்த்த மாதிரியும் ஆகும். கடலோரத்தில் இருப்பவர்கள் ஆழ்குழாய்த் தண்ணீரையும் ஒரு குப்பியில் கொண்டு வரட்டும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது.

கடைசியாக, எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. ஏதாவது ஒரு உள்ளூர்த் திட்டக் குழுமத்தை எடுத்து, உயரமான கட்டடங்களுக்கு மட்டும், ஆறு மாதம் இந்த முறையை ஓட்டிப் பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் வரும் க்யூப் முடிவுகளை அதே பகுதியில் அதற்கு முந்தைய ஆறு மாத முடிவுகளோடு ஒப்பிடுங்கள். எம்25 க்யூப்கள் திடீரென்று 40லிருந்து 28க்கு இறங்கினால், சில தோல்விகளும் பதிவேட்டில் ஏறினால், திட்டம் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தரம் குறைந்துவிட்டது என்று உங்களிடம் யாராவது அறிக்கை நீட்டினால் அவசரப்பட்டு நிறுத்திவிட வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

ஒதுக்கீட்டு மென்பொருளுக்கோ, மாதிரி எடுக்கும் படிவத்துக்கோ எங்களைப் போன்றவர்களின் கருத்து வேண்டும் என்றால் கூட்டம் போட்டுக் கூப்பிடுங்கள், வருகிறோம். கூடங்களின் உரிமையாளர்களை மட்டும் கூப்பிடாமல், அச்சில் கலவையை நிரப்புகிறவர்களையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொருள் பரிசோதனைக் கூடப் பணியாளர் ஒருவர்,
கோவை மாவட்டம்